செயினிலிருந்து வந்தவர்

கிளாரா தன் கணவன் இஞ்ஞாசியின் கைக்கடிகாரச் செயினைக் கழுவத் தொடங்கியது ஈஸ்டர் எனும் பாஸ்குத் திருநாள் கழிந்த திங்கட்கிழமை. அன்று மாலைக்குள் அந்தச் செயினிலிருந்து ஒரு சுண்டுவிரல் அளவுக்கு அழுக்கு வந்திருந்தது, விளக்கு வைத்த பிறகும் வந்துகொண்டிருந்தது, மறுநாள் காலையில் ஆலைச் சங்கு ஊதி முதல் ஷிப்டு ஆட்கள் தெருவைக் கடந்து போனபோதும் நிற்கவில்லை, அந்த வருஷத்து மழை இறங்கும் வரைக்கும் நிற்கவே இல்லை.

கரட்டு லைன் என்பது, கரடு என்று அங்கே சொல்லும் ஒரு மொட்டைக் குன்றின் அடியில் வெடிமருந்து ஆலை தன் தொழிலாளர்களுக்குக் கட்டிக்கொடுத்த ஓட்டு வீடுகளின் இரண்டு வரிசை. சுற்றுவட்டாரக் கல்குவாரிகளுக்கு வேண்டிய வெடியெல்லாம் அந்த ஆலையிலிருந்துதான் போயிற்று. மருந்து கலக்கும் கொட்டகைக்குள் உலோகம் எதுவும் நுழையக்கூடாது. இரும்பு இரும்பில் உரசித் தெறிக்கும் ஒரு பொறி போதும். ஆகவே கொட்டகை வாசலில் ஒரு நீளப் பலகையில் ஆணிகள் அடித்து வைத்திருந்தார்கள், ஒவ்வொரு ஆளும் தன் ஆணியில் கடிகாரத்தையும் மோதிரத்தையும் பையிலிருக்கும் சில்லறையையும் கழுத்தில் கிடக்கும் மாதா சுரூபத்தையும் கழற்றி மாட்டிவிட்டு, துணிச் செருப்பு போட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும். மாதாவை வெளியே நிறுத்திவிட்டுச் செய்கிற வேலை என்று அங்கே சொல்வார்கள், சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். பத்து வருஷம் முடித்தவர்களுக்கு ஆலை ஒரு எஃகுக் கடிகாரம் கொடுத்தது. எல்லோருக்கும் ஒரே கடிகாரம், ஒரே செயின், அச்சில் வார்த்ததுபோல.

தவக்காலத்தின் முதல் வாரத்தில் ஒரு காலை மூன்றாவது கொட்டகை வெடித்தது. உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள். மூன்று பேரைப் பெட்டியில் வைத்து மூடித் தரும் அளவுக்காவது கண்டெடுத்தார்கள். இஞ்ஞாசியும், சுவரொட்டிய பக்கத்து வீட்டுச் சூசையும், ஒரு நகம்கூட மிச்சமில்லாமல் போனார்கள். பலகை முறிந்து விழுந்து, தூசிக்குள்ளிருந்து இரண்டு ஆலைக் கடிகாரங்கள் கிடைத்தன; மற்ற மூவரும் பத்து வருஷம் முடிக்காதவர்கள். கண்ணாடியும் முகமும் முள்ளும் சிதறிப்போய், புகை படிந்த செயின்கள் மட்டும் முழுசாக இருந்தன. ஆலையிலிருந்து வந்த ஒருவர் அவற்றை இரண்டு காகித உறைகளில் போட்டு, மேலே பெயர் எழுதி, இரண்டு வீட்டிலும் கொடுத்துவிட்டு, தொப்பியைக் கழற்றியபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

சூசையின் மனைவி வியாகுலம், வாங்கிவந்த துடைப்பத்தைக் கூடக் கழுவிக் காயவைத்துவிட்டுத்தான் பெருக்குகிறவள். செயினில் இருப்பது மருந்து, பிள்ளைகள் தொட்டுவிட்டால் விஷம் என்று பயந்து, அன்று சாயங்காலமே வாளியில் சோப்புத்தூள் கரைத்து அதை முக்கி, துணி பிரஷ்ஷால் தேய்தேய் என்று தேய்த்து, கறுத்த தண்ணீரை வீட்டுப் பின்னால் ஓடும் சாக்கடையில் ஊற்றினாள். செயின் புதுசுபோல் பளபளத்தது. அதை மாதா படத்துக்கு முன்னால் மாட்டிவைத்து, முழங்காலிட்டு அழுதாள்.

கிளாரா தன்னுடையதைத் தொடவில்லை. இஞ்ஞாசியின் கைக்குட்டையில் சுற்றி, தவக்காலம் முழுவதும் அரிசிப் பானைமேல் வைத்திருந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: கார்த்திகைக்கு முன்னால் வரும் கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றிவைக்கப் பங்குக் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு ஆள் நீளத்துக்கு மண். உடம்பு இல்லாதவர்களுக்கு மண் இல்லை. அவர்களுடைய பெண்கள் அன்று சுற்றுச்சுவரோரம் மெழுகுவத்தியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, மெழுகு விரல்மேல் சொட்டச் சொட்ட நின்றிருக்க வேண்டும். அப்படி நின்ற ஒருத்தியை அவள் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள்.

பாஸ்குத் திங்களன்று அவள் செயினை எடுத்தபோது அது செத்த பாம்புபோல் தொய்ந்து கிடந்தது. பதினொரு வருஷ உழைப்பில் கண்ணிகளை இணைக்கும் பின்கள் நடுவில் இளைத்து, துளைகள் அகன்று, ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததை விட்டுக் கொஞ்சம் விலகியிருந்தது. முழுச் செயினும் அதனால் நீண்டிருந்தது. தன் கையில் போட்டுப் பார்த்து, இவ்வளவு தொளதொளப்பாகவா அவர் போட்டிருந்தார் என்று நினைத்தாள், எஃகும் தேயத்தானே செய்யும் என்றும் நினைத்துக்கொண்டாள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்து ஊறப்போட்டாள். விரல்மேல் செயினை வளைத்துப் பிடித்தால் கண்ணிகளுக்கிடையே இடுக்கு திறக்கும். அந்த இடுக்கின் போக்கிலேயே, அழுத்தாமல், பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள், பிரஷ் போகாத இடத்தில் ஈர்க்குச்சி நுனியால் நெம்பினாள். சின்னப் பின் ஏதாவது கழன்று விழுந்திருக்கக்கூடும் என்பதால் அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் ஒரு வேட்டித் துண்டில் வடிகட்டினாள். பின் எதுவும் இல்லை. துணியில் சாம்பல் நிறத்தில் ஒரு களி தங்கியிருந்தது, பிசைந்த மாவுபோல் மெதுவாக, உள்ளங்கைச் சூட்டில்.

இரண்டாம் தடவை தேய்த்தபோது முதல் தடவையைவிட அதிகமாக வந்தது. எதிர்வீட்டு மதலேனாள், லைனில் எல்லோருக்கும் பெரியம்மா, சாவு வீட்டிலும் வாயை அடக்கத் தெரியாதவள், வாசற்படியில் வந்து நின்று பார்த்தாள்.

"ஏத்தா கிளாரா, உன் வீட்டுக்காரரு பொறந்ததுலேருந்து குளிச்சதே இல்லையா? ஒரு செயினுக்குள்ள இம்புட்டு அழுக்கா?"

"தினம் ரெண்டு வேளை குளிப்பாரு பெரியம்மா."

மதலேனாள் குனிந்து களியைத் தொட்டாள், முகர்ந்தாள். மருந்தும் வியர்வையும் சேர்ந்த வாசனை. அந்த லைனில் எந்த ஆண்பிள்ளையின் சட்டையை முகர்ந்தாலும் வரும் வாசனை.

"அப்ப இது அழுக்கு இல்லடி," என்றாள், முகத்தில் பாதிச் சிரிப்பு அப்படியே நின்றிருக்க. "ஆளு."

அதற்குமேல் யாரும் அதைப் பற்றி வாதாடவில்லை. வாதாட வேண்டியவை வேறு இருந்தன: எந்தச் சோப்பு நல்லது, தண்ணீரின் சூடு எவ்வளவு, ஞாயிற்றுக்கிழமை தேய்க்கலாமா, தீட்டு நாளில் இருக்கும் பெண்கள் தொடலாமா என்று. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பழைய பல்துலக்கும் பிரஷ்கள் வந்தன. பெண்கள் முறைவைத்து வந்து உட்கார்ந்தார்கள், ஒருத்தி தேய்க்க, ஒருத்தி வடிகட்ட, ஒருத்தி செபமாலை சொல்ல, மற்றவர்கள் ஊர் விஷயம் பேச, களி முதலில் கிண்ணத்தில் இருந்து, பின் சட்டியில் இருந்து, பின் அண்டாவில் இருந்து, அண்டாவும் போதாதபோது மரக்கட்டிலில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் கொட்டப்பட்டது. கட்டிலில் அது தானாகவே நீண்டது. ஆடி மாதத்தில் அதற்கு ஒரு ஆளின் நீளம் வந்துவிட்டது. ஈ மொய்க்கவில்லை, நாற்றமெடுக்கவில்லை. தெருநாய்கள் மட்டும் வாசலுக்கு எதிரில் வந்து, குரைக்காமல், முன்னங்கால்களை ஒன்றாக வைத்து உட்கார்ந்திருந்தன. ஷிப்டு முடிந்து போகும் ஆண்கள் அந்த வீட்டைக் கடக்கும்போது பீடியைக் கையில் மறைத்துக்கொண்டார்கள்.

அந்த உடம்புக்கு முகம் வரவில்லை. தேய்ந்துபோன சில்லறைக் காசுபோல் தலை வழுவழுவென்று இருந்தது. இடது மணிக்கட்டு மட்டும் எலும்பு மேடும் நரம்பும் தெரிய முழுசாக அமைந்திருந்தது. செயின் எதைத் தெரிந்து வைத்திருந்ததோ அதைத்தானே தரும் என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். இஞ்ஞாசியின் மணிக்கட்டைவிடச் சற்றுப் பருமனாக இருப்பதாகக் கிளாராவுக்குத் தோன்றியது. ஈரத்தில் ஊதியிருக்கும் என்றாள் மதலேனாள். ரேஷன் கடைத் தராசைத் தூக்கிவந்து பலகையோடு நிறுத்தபோது எடை இஞ்ஞாசியின் எடையைத் தாண்டிவிட்டிருந்தது. அதுவும் ஈரம்தான் என்று தீர்மானமாயிற்று.

ஆலையின் பாதுகாப்பு அதிகாரி மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வந்து, ஒரு சிட்டிகை களியைச் சீசாவில் அடைத்தார்.

"இதுல எங்க மருந்து கலந்திருக்கும்மா. சட்டப்படி இது ஆலைச் சொத்து."

"தாராளமா எடுத்துக்கங்க சார்," என்றாள் மதலேனாள். "உங்க மருந்தத் தனியாப் பிரிச்சு எடுத்துக்கிட்டு, எங்க ஆளத் தனியா வச்சுட்டுப் போங்க. நாங்க வேணா சொளகு தாரோம், புடைச்சுப் பாக்குறீகளா?"

அவர் சீசாவை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். கிளாரா அந்தச் சிட்டிகையையும் வழித்துக் கட்டிலில் சேர்த்தாள்.

பிறகு லைனில் வழக்கங்கள் மாறின. பெண்கள் தங்கள் கணவர்களின் சட்டைக் காலருக்குச் சோப்புப் போடுவதை நிறுத்தினார்கள். காலரில் படிந்த அழுக்கைக் கத்தி முனையால் சுரண்டி, பவுடர் டப்பாக்களில் சேர்த்து, டப்பாமேல் பெயரொட்டி அடுக்கில் வைத்தார்கள். சலூன்காரரிடம் போய் வெட்டிய முடியைக் கேட்டு வாங்கிவந்தார்கள். ஆண்கள் ஆரம்பத்தில் சத்தம் போட்டார்கள்.

"காலர் நாறுதுடி. கேண்டீன்ல ஒருத்தன் பக்கத்துல உக்கார மாட்டேங்கிறான்."

"நாறட்டும். நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எத வச்சுக்கிட்டு அழுவேன்?"

அழுக்குக் காலரோடு ஆண்கள் வரிசையில் நின்று, பலகை ஆணிகளில் கடிகாரங்களை மாட்டிவிட்டு உள்ளே போனார்கள். மாட்டுவதற்கு முன்னால் செயினை மணிக்கட்டில் இரண்டு தரம் அழுத்தித் தேய்த்துக்கொள்ளும் பழக்கமும் வந்துவிட்டது, தங்களில் கொஞ்சம் அதில் ஒட்டிக்கொள்ளட்டும் என்று.

வியாகுலத்தின் செயினிலிருந்து எதுவும் வரவில்லை. அவளும் ஊறவைத்துப் பார்த்தாள், ஈர்க்குச்சியால் நெம்பிப் பார்த்தாள், தண்ணீர் தெளிவாகவே இருந்தது. முதலில் அவள்மேல் பரிதாபப்பட்டவர்கள்தான், கிளாராவின் கட்டில் நிறைய நிறைய, அவளைப் பார்க்கும் பார்வையை மாற்றிக்கொண்டார்கள். குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் பேச்சு நின்றது. புருஷனைச் சாக்கடையில் ஊற்றினவள் என்று முதலில் முதுகுக்குப் பின்னாலும் பிறகு முகத்துக்கு நேராகவும் சொன்னார்கள். அவள் பிள்ளைகள் சண்டை போட்டுவிட்டு உதட்டில் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். அவள் சாக்கடையோரம் குந்தி, வண்டலைக் கையால் அள்ளி அள்ளித் துணியில் வடிகட்டுவதைப் பலரும் பார்த்தார்கள். லைனில் இருக்கும் எல்லா வீட்டுத் தண்ணீரும் ஓடும் சாக்கடை அது, கரட்டைச் சுற்றி எங்கோ போய்விடும் தண்ணீர்.

ஒருநாள் அவள் கிளாராவின் வீட்டுக்கு வந்து, உள்ளே வராமல், நிலைக்கு வெளியே நின்றாள்.

"அக்கா, எனக்கும் ஒரு முறை குடுங்க. என் வீட்டுக்காரருக்குத்தான் செய்ய முடியல. அண்ணனுக்காச்சும் நான் தேய்க்கிறேன்."

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் கிளாராவின் முகத்தைப் பார்த்தார்கள். கிளாரா செயினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேணாம் வியாகுலம். நீ ரொம்ப அழுத்தித் தேய்ப்ப."

யாரோ சிரித்தார்கள். வியாகுலம் சரிக்கா என்று சொல்லிவிட்டுப் போனாள். கிளாரா கெட்டவள் அல்ல. அப்படிச் சொன்னதற்காக அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் கூப்பிட்டுக் கொடுக்கவும் இல்லை.

ஐப்பசி மழை தொடங்கிய அன்று தண்ணீர் தெளிந்தது. செயினில் இனி எதுவும் இல்லை. கோயில் உபதேசியார் தொம்மை, பங்குச் சாமியிடம் போய்க் கேட்டுவிட்டு, குடையை மடக்கியபடி வந்து சொன்னார்:

"சாமி ஒத்துக்கிட்டாரு. மந்திரிச்சு அடக்கம் பண்ணலாம். ஆனா முகமில்லாத உடம்புக்குப் பேரு சொல்லணும்னா ஒரு அடையாளம் வேணும்கிறாரு. நான் யோசிச்சுச் சொன்னேன், அந்தச் செயினையே எல்லாருக்கும் முன்னால கையில பூட்டிருவோம்னு. யாரு கைச் செயினோ, அவரு பேரு. கல்லறைத் திருநாளுக்கு மொத நாள் வச்சுக்குவோம். குழி வெட்டச் சொல்லியாச்சு."

அப்படியானால் செயின் இப்படித் தொய்ந்துபோய் அவர் கையில் கிடக்கக்கூடாது என்று கிளாரா நினைத்தாள். டவுனுக்குப் போய்க் கடிகாரக் கடையில் புதுப் பின்கள் ஒரு பொட்டலம் வாங்கிவந்தாள். ஜன்னலோரம் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, தேய்ந்து இளைத்த பின்களை ஒவ்வொன்றாக ஊசியால் தட்டி வெளியே தள்ளினாள். அகன்றுபோன துளைகளுக்குள், கூல்டிரிங்க்ஸ் டப்பாவிலிருந்து வெட்டிய மெல்லிய தகட்டைச் சுருட்டிச் செருகி, துளையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பின்னை இறக்கினாள். ஒரு கண்ணி, அடுத்த கண்ணி, அதற்கடுத்த கண்ணி என்று அவசரமில்லாமல், செபமாலை மணி தள்ளுவதுபோல் தள்ளிக்கொண்டு போக, விலகியிருந்தவை நெருங்கின, நெருங்கியவை இறுகின, நாரினால் மேற்பரப்பை ஒரே திசையில் தேய்த்துக் கீறல்களை அமர்த்தினாள். மூன்று பகல்களில் செயின் ஆலையில் கொடுத்தபோது இருந்ததுபோல் ஆகிவிட்டது, கையில் எடுத்தால் விறைப்பாக வளைந்து நின்றது.

பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணியின் விளிம்பு மட்டும் அரித்திருந்தது. அதை மாற்றிவிட அவளிடம் கண்ணி இருந்தது. இஞ்ஞாசிக்கு மெலிந்த கை. கடிகாரம் வந்த அன்றைக்கே அது முழங்கை வரை சரிந்ததால், அவளே பூட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு கண்ணியைக் கழற்றிச் சின்னதாக்கினாள், கழற்றிய இரண்டையும் பித்தான் டப்பாவில் போட்டுவைத்தாள். அவை பதினொரு வருஷமாக அங்கேயே கிடந்தன, மனிதக் கை படாத பளபளப்போடு.

பூட்டை ஒட்டிய கண்ணிகளின் உட்புறத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும், பின்னை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பதற்கு. அம்புக்குறி உள்ளவற்றை மட்டும்தான் கழற்ற முடியும். ஆலை கொடுத்தபோது பக்கத்துக்கு மூன்று இருந்தன. அவள் கழற்றிய பிறகு பக்கத்துக்கு இரண்டு. அவள் செயினைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தாள். இந்தப் பக்கம் மூன்று அம்புக்குறி. அந்தப் பக்கம் மூன்று.

திரும்ப எண்ணினாள். டப்பாவைத் திறந்து, உள்ளே இரண்டு கண்ணிகளும் கிடப்பதைப் பார்த்துவிட்டு, மறுபடி எண்ணினாள்.

இந்தச் செயினிலிருந்து யாரும் எதையும் ஒருபோதும் கழற்றியதில்லை. கண்ணி கழற்ற அவசியமே இல்லாமல், முழுச் செயினையும் மணிக்கட்டில் நிரப்பிக்கொண்டு போட்டவர் அந்தக் கொட்டகையில் ஒருவர்தான் இருந்தார்: சூசை, சப்பரம் தூக்கும்போது முன்கொம்பை ஒற்றை ஆளாகப் பிடிக்கிறவர், உலக்கைபோல் கை உள்ளவர். முறிந்த பலகையிலிருந்து பொறுக்கியவர் ஒன்றுபோல் இருந்த இரண்டில் எதை எந்த உறையில் போட்டாரோ, போட்டுவிட்டார். தேய்ந்து தொய்ந்து கிடந்த வரையில் செயின் எந்தக் கைக்கும் உரியதாக இருக்க முடிந்தது. அவள்தான் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியாக நெருக்கி, அதை அதன் உண்மையான அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் வியாகுலம் முற்றம் பெருக்கும் சத்தம் கேட்டது. அவள் மாதா படத்துக்கு முன்னால் தொங்கும் அந்தப் பளபளப்பான செயினில் பூட்டின் இரு பக்கமும் இரண்டிரண்டு அம்புக்குறிகள்தான் இருக்கும். அதில் இருந்த மெலிந்த மனிதர், சோப்பு நுரையோடு, என்றைக்கோ கரட்டைச் சுற்றிப் போய்விட்டார். கிளாரா எழுந்து நின்றாள், திரும்ப உட்கார்ந்தாள். குழி வெட்டியாகிவிட்டது. சிலுவையில் பெயர் எழுதியாகிவிட்டது. கட்டிலில் இருப்பதை இத்தனை மாதம் தேய்த்தெடுத்தவை தன் விரல்கள். இந்த விரல்களுக்கு ஒரு பிடி மண் கூடவா கிடையாது?

அவள் ஊசியை எடுத்தாள். அம்புக்குறி காட்டிய திசையில், மிகச் சுத்தமாக, பக்கத்துக்கு ஒரு கண்ணியைக் கழற்றினாள். செயின் இஞ்ஞாசியின் அளவுக்கு வந்தது. கழற்றியவற்றைப் பித்தான் டப்பாவில் போட்டாள்.

அடக்கத்தன்று பிற்பகல் மழை விட்டிருந்தது. கோயிலிலிருந்து தூம்பாவைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். பங்கில் இறந்த அத்தனை பேரையும் சுமந்துபோன அந்தப் பொதுப் பெட்டியின் கைப்பிடிகள் வழவழத்திருந்தன. லைன் முழுவதும் வந்திருந்தது. ஆண்கள் அன்றைக்கு மட்டும் காலர் வெளுத்த சட்டை போட்டிருந்தார்கள். வியாகுலம் தெருவின் எதிர்ப்பக்கம், நாய்களுக்குப் பக்கத்தில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் சாட்சி," என்றார் உபதேசியார். "பூட்டும்மா."

கிளாரா கட்டிலருகே குனிந்து, முகமில்லாதவரின் இடது மணிக்கட்டைச் சுற்றிச் செயினை வளைத்தாள். முனைகள் சேரவில்லை. இரண்டு கண்ணிகளின் இடைவெளி அப்படியே திறந்து நின்றது. அவள் அழுத்தினாள், ஈரம் காய்ந்து இறுகிப்போயிருந்த அந்தக் கை கொஞ்சமும் கொடுக்கவில்லை. இன்னும் அழுத்தினாள். விளிம்பு பதிந்து, மணிக்கட்டில் ஒரு வெளிறிய தடம் விழுந்தது.

"மழையில ஊதியிருக்கும்," என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"ஊதத்தான் செய்யும். தண்ணியிலேருந்து எடுத்த உடம்புதானே."

"பூட்டணும்னு இல்லம்மா," என்றார் உபதேசியார், இரக்கத்தோடு. "கைமேல சும்மா வச்சா போதும். சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

எல்லோரும் அவளுக்காகப் பொய்யைக் கையில் தயாராக நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் அதை வாங்கிக்கொண்டால் போதும், தலையை ஆட்டக்கூடத் தேவையில்லை. மதலேனாள் மட்டும், பூட்டின் இரு பக்கமும் கண்ணி குறைந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்தடி கழட்டுன?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கிளாரா அந்தத் தடத்தையே பார்த்தாள். தான் பிறகு எப்போதாவது விரலால் அழுத்தித் தடவி எடுத்துவிட முடியாத தடம். பிறகு போய்ப் பித்தான் டப்பாவை எடுத்துவந்து, கூட்டத்தின் நடுவே தரையில் உட்கார்ந்து, அதைக் கவிழ்த்தாள். பித்தான்களோடு நான்கு கண்ணிகள் விழுந்தன: இரண்டு கை படாத பளபளப்போடு, இரண்டு தேய்ந்து மங்கிப்போய். தேய்ந்த இரண்டையும் எடுத்து, அம்புக்குறியைப் பார்த்து, பின்னை எதிர்ப்பக்கமிருந்து இறக்கி, சுத்தியலால் மூன்று தட்டு தட்டினாள். அடுத்ததற்கும் அப்படியே. வேலை முடிந்ததும் இழுத்துப் பார்த்தாள், எங்கும் தொய்வில்லை.

"வியாகுலம்," என்று கூப்பிட்டாள்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. வியாகுலம் தெருவைக் கடந்து வந்து, நிலைக்கு வெளியே நின்றாள்.

"உள்ள வா. நீ வந்து பூட்டு."

"நான் எதுக்குக்கா?" என்றாள் வியாகுலம். "நான் அழுத்திருவேன்."

"இது உன் வீட்டு அளவு வியாகுலம். இதுல ஒரு கண்ணிகூடக் கழட்டல. எங்க வீட்டுக்காரரு செயின்ல ரெண்டு கழட்டியிருந்தேன், அந்த ரெண்டும் இந்தா கெடக்கு. உறைய மாத்திக் குடுத்திருக்காங்க. எனக்கு நாலு நாளாத் தெரியும்."

வியாகுலம் தரையில் கிடந்த இரண்டு பளபளப்பான கண்ணிகளைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, கிளாராவின் கையிலிருந்து செயினை வாங்கி, கட்டிலருகே முழங்காலிட்டு, பருத்த மணிக்கட்டைச் சுற்றி வளைத்தாள். முனைகள் தாமாகவே சந்தித்தன. பூட்டு விழுந்த சத்தம் வாசல் வரை கேட்டது.

அவள் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் எடுத்துக்கொண்டாள். விரல்களின் மொத்தத்தை, மணிக்கட்டு எலும்பை, ஒவ்வொன்றாகத் தடவினாள். பிறகு தலையைத் திருப்பாமலே கேட்டாள்:

"அப்ப, அன்னைக்கு நான் வாளியோட தூக்கிட்டுப் போயி..."

"ஆமா," என்றாள் கிளாரா.

உபதேசியார் செபப் புத்தகத்தை மூடினார், எந்தப் பக்கம் என்று தெரியாமல் திறந்தார், திரும்ப மூடினார். மதலேனாள் குனிந்து, சிதறிக் கிடந்த பித்தான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். அத்தனை மாதம் குழாயடியில் பேசிய அத்தனை பேரும் கூரை ஓடுகளையும் உத்தரத்தையும் பார்த்தார்கள்.

"எல்லாரும் வெளிய போங்க," என்றாள் வியாகுலம். குரலில் கோபம் இல்லை. "கொஞ்ச நேரம் நான் என் வீட்டுக்காரர்கூட இருக்கணும். மண்ணுக்குக் குடுக்கிறதுக்கு முந்தி."

ஒவ்வொருவராக வெளியே போனார்கள். தூம்பா தூக்க வந்தவர்களும் போனார்கள். கிளாரா கட்டிலின் கால்மாட்டில் இருந்தாள், இத்தனை மாதமும் இருந்த இடத்தில், துணியின் மடிப்பைச் சரிசெய்தபடி.

"அக்கா," என்றாள் வியாகுலம். "நீங்களும்."

கிளாரா தன் வீட்டுப் படியில் இறங்கினாள். பின்னால் கதவு சாத்தப்பட்டு, தாழ் போடும் சத்தம் கேட்டது. கூட்டம் சற்று விலகி அவளுக்கு நிற்க இடம் கொடுத்தது; யாரும் அவளைத் தொடவில்லை, எந்த முறையில் தொடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. உள்ளே வியாகுலத்தின் ஒப்பாரி எழுந்தது, மாதக்கணக்கில் வாய்க்குள் மடித்து வைத்திருந்தது, ஓட்டுச் சந்துகள் வழியே வெளியே வந்தது. வழக்கப்படி தெருவில் நின்ற பெண்களும் அந்த ஒப்பாரியோடு சேர்ந்துகொண்டார்கள், இப்போது யார் பெயரைச் சொல்லி அழ வேண்டும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. கிளாராவும் மார்பில் கைவைத்து வாயைத் திறந்தாள். சூசை என்றுதான் வந்தது.